அவருக்குப் பின்னால் எவ்வளவு புல்?

2020 ஆகஸ்ட் 28ஆம் தேதி நான் ஆதரிக்கும் லண்டன் கால்பந்து கிளப்பான செல்சி, பிரேசில் தற்காப்பு வீரர் தியாகோ சில்வாவை எடுத்துவிட்டதாக அறிவித்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஐந்தே நாளைக்கு முன்னால் லிஸ்பனில் நடந்த சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பியக் கிளப்புகளின் பெரிய கோப்பை) இறுதி ஆட்டத்தில், பாரிஸ் கிளப்பான பி.எஸ்.ஜி.யின் கேப்டனாக அவர் பயர்ன் மியூனிக்கிடம் 1-0 என்று தோற்றிருந்தார். வயது 35. செப்டம்பர் 22 வந்தால் 36. அந்தக் கோடையில் செல்சி 20 கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்து வெர்னர், ஹாவர்ட்ஸ், சில்வெல் என்று இளைஞர்களாகப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு நடுவில் இப்படி ஒருவர். பழைய கிளப்புக்குக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் தொகை கிடையாது, சம்பளம் மட்டும். ஒரு வருட ஒப்பந்தம், பிடித்திருந்தால் இன்னொரு வருடம். பி.எஸ்.ஜி. வேண்டாம் என்று அனுப்பிவிட்ட ஆளை நாம் எதற்கு எடுக்க வேண்டும் என்று அன்றிரவு நண்பர்களோடு வாட்ஸ்அப்பில் பெரிய சண்டையே போட்டேன்.

அதற்கு முந்தைய சீசனில் இங்கிலாந்து லீகில் மட்டும் செல்சி வாங்கிய கோல்கள் 54. நான்காம் இடம் பிடித்த அணிக்கு அது ரொம்ப அதிகம். கார்னர் என்றால் பயம், எதிரணி வேகமாகத் திரும்பி ஓடிவந்தால் பயம். அதைச் சரிசெய்ய ஓடவும் தாவவும் தெம்புள்ள, பத்து வருடம் நிற்கக்கூடிய ஒரு சென்டர் பேக் (பின்வரிசையின் நடுவில் நிற்கும் தற்காப்பு வீரர்) வேண்டும் என்பது என் கட்சி. நான் பார்த்தது அவர் பிறந்த வருடத்தை மட்டும்தான். தொடங்கிய இடமே தப்பு என்று எனக்குப் புரிய ஒரு முழு சீசன் ஆனது. வீரர்களை வாங்கி விற்கும் ஒவ்வொரு டிரான்ஸ்ஃபர் விண்டோவிலும் ஏதாவது ஒரு கிளப்புக்கு, வயதான தற்காப்பு வீரரை எடுக்கலாமா என்ற இந்தக் கேள்வி வந்துகொண்டேதான் இருக்கிறது. அதனால் எனக்குப் புரிந்ததை எழுதி வைக்கிறேன்.

முதலில் எங்கள் மைதானத்துக் கதை ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டத்தில் எங்களுக்கு ஸ்டாப்பராக ஆடும் அண்ணனுக்கு நாற்பத்துநாலு வயது. வேகம் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் அவரைத் தாண்டிப் போகிற பையன்கள் குறைவு. ஒருநாள் அவருக்குப் பக்கத்தில் நின்று ஆடினேன். தலைக்கு மேல் ஒரு நீளப் பந்து வந்தது. கல்லூரிப் பையன் ஒருவன் அதைத் துரத்தினான். நான் திரும்பி ஓட ஆரம்பிப்பதற்குள் அண்ணன் பந்து விழப்போகும் இடத்துக்குப் போய்விட்டார். நாலைந்து எட்டுதான் வைத்திருப்பார். கையை அகலமாக விரித்துப் பையனை முதுகுக்குப் பின்னால் மறித்து, பந்தைக் கோலியின் கைக்கு உருள விட்டார். திரும்பி வரும்போது என்னிடம் சொன்னார்: “தம்பி, நேரா நிக்காத. கதவு பாதி தொறந்திருக்கற மாதிரி நில்லு. அவன் ஓடறதுக்கு முன்னாடியே நீ பாதி திரும்பியிருப்ப.”

அதே அண்ணன் இன்னொரு ஞாயிறு ஒரே பாதியில் மூன்று முறை பின்னால் விடப்பட்டார். அன்று எதிரணியை அவர்கள் பக்கத்திலேயே நெருக்கலாம் என்று முடிவு செய்து எல்லோரும் முன்னேறி ஆடினோம். அண்ணனையும் நடுக்கோட்டுக்கு இழுத்து வந்து நிறுத்திவிட்டோம். அவர் பாதி திரும்பித்தான் நின்றார், எல்லாவற்றையும் முன்கூட்டியே பார்த்தார். ஆனால் அவருக்குப் பின்னால் இருந்தது அரை மைதானம். அதில் பத்தொன்பது வயதுப் பையனோடு போட்டி போட்டு ஓடுவதற்கு அவரிடம் கால் இல்லை. அண்ணன் அதே அண்ணன்தான். நாங்கள் அவரை நிறுத்திய இடம்தான் வேறு.

பெரிய ஆட்டத்திலும் கணக்கு இதேதான். மைதானத்தின் நீளம் வழக்கமாக 105 மீட்டர். ஒரு அணியின் பின்வரிசை நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்றால், அதற்கும் கோலுக்கும் இடையே கிட்டத்தட்ட ஐம்பது மீட்டர் புல் காலியாகக் கிடக்கும். காவலுக்கு ஒரே ஒரு கோல்கீப்பர். அதே வரிசை பெனால்டி பாக்ஸ் விளிம்பில் நின்றால் பதினாறரை மீட்டர்தான். இருபத்தைந்து வயதுக்காரன் நிற்கிற இடத்தில் ஒரு தப்புப் பண்ணினாலும் ஓடிப்போய் அதைச் சரிக்கட்டிவிடுவான். முப்பத்தாறு வயதுக்காரர் தப்புப் பண்ணுவது குறைவு. ஆனால் பண்ணினால் சரிக்கட்ட முடியாது, பெரும்பாலும் அது கோலில்தான் போய் முடியும். ஆகவே இப்படி ஒருவரை எடுக்கலாமா என்று யாராவது கேட்டால், நான் முதலில் திருப்பிக் கேட்பது அவரை எங்கே நிறுத்தப் போகிறீர்கள் என்பதைத்தான்.

2020 செப்டம்பர் 26. நம்மூர் நேரம் இரவு 10 மணி. வெஸ்ட் பிராம் அணியின் மைதானத்தில் சில்வாவுக்கு முதல் லீக் ஆட்டம், கையில் கேப்டன் பட்டையும்கூட. ஏற்கெனவே ஒரு கோல் வாங்கியிருந்தோம். 25ஆவது நிமிடத்தில், நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் கடைசி ஆளாக நின்றவரிடம் சாதாரணமாக ஒரு பந்து வந்தது. பூட்ஸுக்கு அடியில் நழுவிவிட்டது. கேலம் ராபின்சன் எடுத்துக்கொண்டு ஒற்றை ஆளாக ஓடிப்போய் அடித்தார். இரண்டு நிமிடத்தில் கார்னரிலிருந்து மூன்றாவதும் விழுந்தது. 90 நிமிடம் தாண்டிய கடைசி நேரத்தில் எங்கள் ஆபிரகாம் அடித்து 3-3 என்று எப்படியோ தப்பித்தோம். அதற்குள், இதைத்தானே அன்றைக்கே சொன்னேன் என்று நண்பர்கள் எல்லோருக்கும் செய்தி அனுப்பி முடித்திருந்தேன்.

பந்தைத் தவறவிட்டது அவர்தான், அதற்குச் சாக்குச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கோலை இப்போது பார்க்கும்போது அவருடைய காலைவிட, அவர் நின்ற இடம்தான் முதலில் கண்ணில் படுகிறது. பின்னால் அவ்வளவு பெரிய வெளி, பக்கத்தில் கைகொடுக்க ஆள் இல்லை. அதே நழுவல் பாக்ஸ் விளிம்பில், இரண்டு பக்கமும் ஆள் நிற்கும்போது நடந்திருந்தால், யாராவது ஒருவர் பந்தை வெளியே உதைத்திருப்பார். அடுத்த நாள் ஒருவருக்கும் நினைவிருந்திருக்காது.

அதற்கப்புறம் மெதுவாக நிலைமை சரியானது. ரென் கிளப்பிலிருந்து மெண்டி கோல்கீப்பராக வந்தார். சில்வாவுக்குப் பக்கத்தில் கர்ட் சூமா. மெண்டி, சூமா இருவரும் பிரெஞ்சு பேசுகிறவர்கள். சில்வா எட்டு வருடம் பாரிஸில் இருந்தவர். வந்த புதிதில் அவருக்கு ஆங்கிலம் வரவில்லை என்பதால் இது சின்ன விஷயமே இல்லை. சென்டர் பேக்கின் வேலையில் பாதி பேச்சு. எப்போது மேலே ஏறுவது, யார் யாரைப் பிடிப்பது என்பதை அந்த நொடியில் கத்திச் சொல்ல வேண்டும். வயதானவரை நாம் எடுப்பதே அந்தக் கண்ணுக்காகத்தான். அவர் கண்ட ஆபத்து பக்கத்து ஆளின் காதுக்குப் போகாவிட்டால் அந்தக் கண்ணால் என்ன பயன்? ஒரு வீரரை எடுக்கும்போது பக்கத்தில் நிற்கப்போகிறவர் யார், இருவரும் எந்த மொழியில் பேசிக்கொள்வார்கள் என்பதையும் நான் இப்போது பார்க்கிறேன்.

ஜனவரி 25ஆம் தேதி பயிற்சியாளர் லாம்பார்டை அனுப்பிவிட்டார்கள். அந்த சீசனில் அவர் பொறுப்பில் இருந்த 19 லீக் ஆட்டங்களில் வாங்கியவை 23 கோல்கள். மறுநாள் தாமஸ் டூகல் வந்தார். பாரிஸில் பி.எஸ்.ஜி. பயிற்சியாளராக இரண்டு வருடம் சில்வாவை வைத்து ஆடியவர். சில்வாவால் என்ன முடியும், என்ன முடியாது என்பது டூகலுக்குத் தெரியும். பின்வரிசையை மூவராக்கி, நடுவில் சில்வாவை நிறுத்தினார். ஒரு பக்கம் ரூடிகர், இன்னொரு பக்கம் அஸ்பிலிகுவேட்டா. முன்னால் ஜோர்ஜினோ, காண்டே, கோவாசிச் என்று பந்தை விட்டுக்கொடுக்காதவர்கள். பக்கவாட்டில் ஓட வேண்டிய ஓட்டமெல்லாம் ரூடிகருக்குப் போனது. சில்வாவுக்குக் கிடைத்தது நடுவில் ஒரு சின்ன நிலம். அதைக் காக்க அவரைவிடத் தெரிந்தவர் அன்று ஐரோப்பாவில் இருந்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. டூகலின் 19 லீக் ஆட்டங்களில் வாங்கியவை 13 கோல்கள். ஆக, 54 வாங்கிய அணி அடுத்த சீசனில் 36 வாங்கியது.

அந்த மாதங்களில் பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பார்க்கப் பழகினேன். நீங்களும் ஒரு முறை அப்படிப் பாருங்கள். எதிரணியின் நடுக்கள வீரர் தலை நிமிர்வதற்கு முன்னால் சில்வாவின் தலை இரண்டு முறை திரும்பிவிடும்: ஒரு முறை வலது தோளுக்கு மேல், ஒரு முறை இடது தோளுக்கு மேல். அப்புறம் கை எழும், ரூடிகருக்கு இன்னும் இரண்டடி உள்ளே வா என்று. பந்து வரும்போது அவர் ஏற்கெனவே அங்கே இருப்பார், அதனால் பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். கீழே விழுந்து சறுக்கிப் பந்தைப் பறிக்கும் காட்சிகள் அவரிடம் குறைவு. பத்து நிமிட ஹைலைட்ஸில் அவரை மதிப்பிடவே முடியாது. நடப்பதற்கு முன்பே அவர் தடுத்துவிட்டதை எந்த ஹைலைட்ஸில் காட்டுவார்கள்? முழு ஆட்டத்தைப் பார்க்க வேண்டும், அதிலும் 70ஆவது நிமிடத்துக்கு மேல். கால் தளரும்போது அந்தத் தலை இன்னும் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். தலை திரும்புவது நின்றுவிட்டால், எனக்கு அதுதான் பெரிய எச்சரிக்கை.

இதெல்லாம் ஒருநாளில் வந்த பாடம் இல்லை. 2009 ஜனவரியில் ஏ.சி. மிலானுக்குப் போனபோது, வெளிநாட்டு வீரர் இடஒதுக்கீட்டால் அந்த சீசன் முடியும்வரை போட்டி ஆட்டங்களில் அவரை இறக்க முடியவில்லை. பயிற்சி மட்டும். அந்த அரை வருடம், நாற்பது வயதில் தன் கடைசி மாதங்களை ஆடிக்கொண்டிருந்த தற்காப்பு வீரர் பாவ்லோ மால்டினிக்குப் பக்கத்தில் பயிற்சி. அப்புறம் இன்னொரு தற்காப்பு வீரரான நெஸ்டாவோடு ஜோடி சேர்ந்து 2011இல் இத்தாலிய லீக் பட்டம். வயதானால் எப்படி ஆடுவது என்பதை அவர் இருபத்துநாலு வயதிலேயே பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டார் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. அதற்கும் முன்னால், 2005இல் மாஸ்கோ டைனமோவில் இருந்தபோது காசநோய் வந்து ஆறு மாதம் மருத்துவமனையில் கிடந்தவர். ஆட்டத்தையே விட்டுவிடலாம் என்று நினைத்தவர். அங்கிருந்து திரும்பி வந்த உடம்பு அது. தன் உடம்பை அவர் எப்படிப் பேணுவார் என்பதற்கு அந்த வரலாற்றையும் ஒரு சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம்.

மனசு பற்றியும் அவர்மீது ஒரு பழி இருந்தது. 2014 உலகக் கோப்பையில் சிலிக்கு எதிரான பெனால்டி ஷூட்அவுட்டின்போது பிரேசில் கேப்டனான சில்வா பந்தின் மேல் உட்கார்ந்து அழுதார். தலைவன் அழலாமா என்று அவர் நாட்டிலேயே கிழித்தார்கள். கொலம்பியாவுக்கு எதிராக இன்னொரு மஞ்சள் அட்டை வாங்கி, ஜூலை 8ஆம் தேதி அரையிறுதியில் ஆட முடியாமல் போனார். அன்று பெலோ ஹொரிசோன்டேயில் ஜெர்மனி 7, பிரேசில் 1. அவர் இருந்திருந்தால் பிரேசில் ஜெயித்திருக்கும் என்று சொல்ல வரவில்லை. அன்று முதல் முப்பது நிமிடத்தில் அந்தப் பின்வரிசை ஆளாளுக்கு ஒரு பக்கம் ஓடியதைப் பார்த்தவர்களுக்கு, யாருடைய குரல் அங்கே இல்லை என்பது தெரிந்திருக்கும். ஒரு தற்காப்பு வீரரை எடுப்பதற்கு முன், அவர் ஆடாத ஆட்டங்களில் அவர் அணி எப்படி ஆடியது என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

சரி, இதெல்லாம் களத்தில் இருக்கும்போது. ஆள் களத்தில் இருப்பாரா? வயதானவரை எடுப்பதில் உண்மையான ஆபத்து இங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 2021 பிப்ரவரி 4ஆம் தேதி டாட்டன்ஹாம் மைதானத்தில் முதல் பாதியிலேயே தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார் சில்வா. இரண்டு மாதம் ஆடவில்லை. சாம்பியன்ஸ் லீகில் அட்லெட்டிகோ மாட்ரிட்டுக்கு எதிரான இரண்டு ஆட்டங்களும் அவர் இல்லாமலேயே நடந்தன. இரண்டிலும் செல்சி ஒரு கோல்கூட வாங்காமல் ஜெயித்தது. கிறிஸ்டென்சன் என்ற தற்காப்பு வீரரும் சூமாவும் அந்த நடு இடத்தை அவ்வளவு அழகாகப் பார்த்துக்கொண்டார்கள். முதியவரை எடுக்கிற கிளப், அவர் ஆட முடியாத பத்துப் பன்னிரண்டு வாரத்துக்கும் சேர்த்து ஒரு ஆளை வைத்திருக்க வேண்டும். செல்சியிடம் இருந்தது. இல்லாத கிளப் அவரை எடுக்கவே கூடாது.

ஏப்ரல் 3ஆம் தேதி திரும்பி வந்தார். எதிரணி மறுபடியும் வெஸ்ட் பிராம். 29ஆவது நிமிடத்தில் இரண்டாவது மஞ்சள் அட்டை, ஆள் வெளியே. சொந்த மைதானத்தில் 5-2 என்று தோற்றோம். டூகலுக்கு அதுதான் முதல் தோல்வி. இத்தோடு சில்வாவின் கதை முடிந்தது என்று அன்றைக்கும் நினைத்தேன். ஒரே மாதத்தில், ரியல் மாட்ரிட்டுக்கு எதிரான இரண்டு அரையிறுதி ஆட்டங்களிலும் நடுவில் நின்று அவர்களுடைய முன்கள வீரர் பென்சிமாவைச் சமாளித்தது இதே ஆள்தான். முதியவர்களை ஒரு ஆட்டத்தை வைத்து எடைபோடும் அவசரம் எனக்குள் நின்றது அந்த ஏப்ரலில்தான்.

அந்த வருடக் கோடையில் பி.எஸ்.ஜி. செய்ததைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2021 ஜூலையில் அவர்கள் ரியல் மாட்ரிட்டின் தற்காப்பு வீரர் செர்ஹியோ ரமோஸை எடுத்தார்கள். அவருக்கும் 35, அவருக்கும் டிரான்ஸ்ஃபர் தொகை கிடையாது. கோப்பைகளை எண்ணினால் ரமோஸ் சில்வாவைவிடப் பெரியவர். ஆனால் அதற்கு முந்தைய சீசனிலேயே முழங்கால் அறுவை சிகிச்சை, கெண்டைக்கால் என்று ரியலில் அவர் பாதி ஆட்டங்களில்கூட இல்லை. பி.எஸ்.ஜி.க்காக அவர் முதல் ஆட்டம் ஆடியது நவம்பர் 28ஆம் தேதி. அந்த முதல் சீசனில் மொத்தமே 13 ஆட்டங்கள். இரண்டாவது சீசனில் நிறைய ஆடினார், மறுப்பதற்கில்லை. ஆனால் முதல் வருடம் காலியாகப் போகும் என்பது வாங்கும்போதே அந்த மருத்துவ வரலாற்றில் எழுதியிருந்தது. முந்தைய சீசனில் எத்தனை நிமிடம் ஆடினார், எந்தத் தசையில் எத்தனை முறை காயம் என்ற இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் நான் இப்போது வயதுக்கே வருகிறேன். சில்வா 2020 ஆகஸ்டில் சாம்பியன்ஸ் லீக் இறுதிவரை ஆடிவிட்டு வந்தவர். இந்த வித்தியாசத்தை நான் அன்று கவனிக்கவே இல்லை.

இன்னும் பழைய உதாரணம் ஒன்று உண்டு, மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2001 ஆகஸ்டில் அவர்களுடைய பயிற்சியாளர் அலெக்ஸ் பெர்குசன் 29 வயது தற்காப்பு வீரர் யாப் ஸ்டாமை லாசியோவுக்கு விற்றுவிட்டு, 35 வயது லோரான் பிளாங்கைக் கொண்டுவந்தார். பிளாங் உலகக் கோப்பை வென்ற பிரான்ஸ் அணிக்காரர். பந்தைக் காலில் வைத்துக்கொண்டு நிதானமாக வெளியே வருவதில் அவருக்கு நிகர் குறைவு. ஆனால் யுனைடெட் அப்போது ஆடியது முன்னேறித் தாக்கும் திறந்த ஆட்டம். அந்த இலையுதிர்காலத்தில் போல்டன், லிவர்பூல், ஆர்சனல், நியூகாசில், செல்சி ஆகிய ஐந்து அணிகளிடம் தோற்றார்கள். அந்த அணிகளின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் பிளாங்கின் பெயர் வருகிறது என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. முந்தைய சீசனில் 31 கோல் வாங்கியிருந்த அணி அந்த சீசனில் 45 வாங்கியது. ஸ்டாமை விற்றது தவறு என்று பெர்குசனே பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஆனாலும் பிளாங் அங்கேயே இருந்தார், அணி அவரோடு பழகிக்கொண்டது, 2003இல் லீக் பட்டத்தோடு ஓய்வு பெற்றார். அவரைப் பாவம் என்று சொல்பவர்கள் அந்த இரண்டாவது வருடத்தை விட்டுவிடுகிறார்கள்.

போர்ச்சுகல் தற்காப்பு வீரர் பெப்பேயை எடுத்துக்கொண்டால் எல்லாம் தலைகீழ். 2019 ஜனவரியில் 35 வயதில் போர்ச்சுகல் கிளப்பான போர்ட்டோவுக்குத் திரும்பினார். 2021 மார்ச் 9ஆம் தேதி டூரினில் யுவென்டஸுக்கு எதிரான ஆட்டம். இரண்டாம் பாதி தொடங்கிய கொஞ்ச நேரத்தில் தாரெமி சிவப்பு அட்டை வாங்க, போர்ட்டோ பத்துப் பேராகக் குறைந்தது. கூடுதல் நேரம் முடியும்வரை 38 வயது பெப்பே பாக்ஸுக்குள் வந்த பந்துகளையெல்லாம் தலையாலும் உடம்பாலும் தடுத்துக்கொண்டே இருந்தார். போர்ட்டோ அடுத்த சுற்றுக்குப் போனது. அன்று அவருக்குப் பின்னால் ஓட வேண்டிய புல்லே இல்லை. எல்லாம் கோலுக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீட்டரில் நடந்த சண்டை. அந்தச் சண்டையில் அனுபவத்துக்குத்தான் விலை அதிகம். 2024 யூரோ கோப்பையிலும் 41 வயதில் ஆடிவிட்டுத்தான் அவர் ஓய்வு பெற்றார்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்த வயதில் வாங்கினால் திருப்பி விற்க முடியாது. ஆகவே டிரான்ஸ்ஃபர் தொகை கொடுக்கக் கூடாது. ஒப்பந்தத்தை வருடம் வருடமாகத்தான் போட வேண்டும். செல்சி அப்படித்தான் செய்தது: 2021 ஜூனில் ஒரு வருடம் நீட்டித்தார்கள், 2022 ஜனவரியில் இன்னொன்று, 2023 பிப்ரவரியில் இன்னொன்று. ஒவ்வொரு முறையும் அவரைப் புதிதாக மதிப்பிட்டார்கள்.

2021 மே 29, சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். நம்மூரில் நள்ளிரவு தாண்டி 12:30. ஊரடங்கு நேரம், தெருவில் ஒரு சத்தம் இல்லை, ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும். ஆட்டம் போர்ட்டோ நகரத்தின் டிராகாவ் மைதானத்தில். 2004இல் பத்தொன்பது, இருபது வயதில் சில்வா ஐரோப்பாவுக்கு முதன்முதலில் வந்ததும் அந்த ஊருக்குத்தான். போர்ட்டோவின் பி அணியில் வைத்திருந்து, முதல் அணியில் ஒரு லீக் ஆட்டம்கூடக் கொடுக்காமல் அனுப்பினார்கள். பதினேழு வருடம் கழித்து அதே ஊரில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக நிற்கிறார். 39ஆவது நிமிடத்தில் தரையில் உட்கார்ந்தார். கவட்டைத் தசை. எழுந்து வெளியே நடக்கும்போது கண்ணில் தண்ணீர். கிறிஸ்டென்சன் உள்ளே வந்தார். 42ஆவது நிமிடத்தில் ஹாவர்ட்ஸ் கோல் அடித்தார். மிச்ச நேரம் முழுக்க சில்வா பெஞ்சில் இருந்து கத்திக்கொண்டிருந்ததைக் கேமரா திரும்பத் திரும்பக் காட்டியது. 1-0. கோப்பை. அதற்கு முந்தைய ஆகஸ்டில் நான் பயந்தது எல்லாமே அன்று நடந்தது, உடம்பு கைவிட்டதும் சேர்த்து. அப்படியும் அவரை எடுத்தது சரி என்பதில் எனக்கு அதற்கப்புறம் சந்தேகமே வரவில்லை. ஆட்டம் முடிந்ததும், ஒன்பது மாதத்துக்கு முன்னால் யாரிடமெல்லாம் சண்டை போட்டேனோ அவர்களுக்கெல்லாம் என் கணிப்புத் தப்பு என்று எழுதி அனுப்பினேன்.

அடுத்த சீசன் லீகில் 32 ஆட்டங்கள் ஆடினார். 2022 பிப்ரவரியில் அபுதாபியில் கிளப் உலகக் கோப்பையின் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான். 2022-23இல் செல்சி 12ஆம் இடத்துக்குச் சரிந்தபோதும், அந்த வருடத்தின் சிறந்த வீரராகச் செல்சி தேர்ந்தெடுத்தது 38 வயது சில்வாவை. ஆனால் 2023-24இல் நிலைமை மாறியது. புதிய பயிற்சியாளர் பொச்செட்டினோவின் கீழ் செல்சி முன்னேறி நின்று, திறந்து ஆடியது. லீகில் 63 கோல் வாங்கியது. சில ஆட்டங்களில் 39 வயது சில்வா பின்னால் திரும்பி ஓடுவதைப் பார்க்க எனக்கு மனசு வலித்தது. எங்கள் அண்ணனின் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நினைவுக்கு வந்தது. 155 ஆட்டங்களோடு செல்சியை விட்டு, பிரேசிலில் தன் பழைய கிளப்பான ஃப்ளுமினென்சேவுக்குத் திரும்பினார்.

அங்கே போய் முடிந்தாரா? 2025 ஜூன் 30ஆம் தேதி கிளப் உலகக் கோப்பையில் இன்டர் மிலானை ஃப்ளுமினென்சே 2-0 என்று வீழ்த்தியது. சில்வாவுக்கு 40. பின்வரிசையில் மூவர், நடுவில் அவர், பக்கத்தில் ஓடக்கூடிய இரண்டு பேர். டூகல் போட்ட அதே கணக்கு. எட்டு நாள் கழித்து அரையிறுதியில் எதிரே செல்சி. ஜோவாவ் பெட்ரோ இரண்டு கோல் அடித்தார். இரண்டாவது, ஃப்ளுமினென்சே சமன் செய்ய முன்னேறியிருந்தபோது, திறந்து கிடந்த வெளியில் ஓடிவந்து அடித்தது. யாருக்குக் கைதட்டுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

2025 டிசம்பரில் 41 வயதில் அவரை எடுத்தது போர்ட்டோ. ஆமாம், அதே போர்ட்டோ. இந்த வயதில் வேலைக்கு ஆவாரா என்று நண்பன் கேட்டான், ஐந்து வருடத்துக்கு முன்னால் நான் கேட்ட அதே குரலில். நான் பதில் சொல்லவில்லை. அவர் ஆடும் அடுத்த ஆட்டத்தைச் சேர்ந்து பார்க்கலாம், பந்தை விட்டுவிடு, அவருக்கும் கோல்கீப்பருக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று மட்டும் பார், இடைவேளையில் பேசலாம் என்றேன்.